பாலம் தெரிகிறது, தாத்தா எங்கே?

ஹாட்யாயோடு நின்றுவிடாமல் இன்னும் கொஞ்ச தூரம் வடக்கே போன மலேசியக் குடும்பங்களின் படத்தொகுப்பில் அந்தக் கறுப்பு இரும்புப் பாலம் நிச்சயம் இருக்கும். காஞ்சனாபுரி. க்வாய் நதிப் பாலம். தண்டவாளத்தின் மேல் நின்று, காற்றில் தலைமுடி பறக்க ஒரு படம். கீழே அமைதியாக ஓடும் ஆறு.

அந்த ஆற்றைப் பற்றி ஒரு செய்தி. 1960க்கு முன்பு அந்த இடத்தில் ஓடிய ஆற்றுக்குக் க்வாய் என்று பெயர் இல்லை. அது மே க்லோங் ஆறு. சயாம்–பர்மா ரயில் பாதை நெடுந்தூரம் க்வாய் நோய் என்ற ஆற்றின் ஓரமாகப் போகிறது. அதனால் பாலமும் அதே ஆற்றின் மேல்தான் இருக்க வேண்டும் என்று ஒரு பிரெஞ்சு எழுத்தாளர் நினைத்துக்கொண்டார், அப்படியே எழுதினார். நாவல் வந்தது, படம் வந்தது. படம் பார்த்த வெள்ளைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து, “க்வாய் நதிப் பாலம் எங்கே?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அப்படி ஒரு பாலமே அங்கு இல்லை. கடைசியில் தாய்லாந்து அரசாங்கம் மே க்லோங்கின் அந்தப் பகுதிக்குக் க்வாய் யாய் என்று புதுப் பெயர் வைத்துவிட்டது.

ஒரு நாவல் ஓர் ஆற்றின் பெயரையே மாற்றிவிட்டது. கதைக்கு அவ்வளவு பலம். அப்படிப்பட்ட கதையில் ஒன்று மட்டும் உறுத்துகிறது. அந்த ரயில் சடக்கைப் போட்டவர்களில் பெரும்பாலோர் அதில் இல்லை.

கணக்கைப் பார்ப்போம்

சயாமின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியுசாயாட் வரை சுமார் 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் ஜப்பானியர் அதை முடித்தார்கள். காடு, மலை, காலரா, மலேரியா, அடி, பட்டினி எல்லாவற்றையும் தாண்டி முடித்தது ஜப்பானிய இராணுவமா? வேலை வாங்கியது அவர்கள். வேலை செய்தது வேறு ஆட்கள்.

பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அங்கு இருந்தார்கள். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் இறந்தவர்கள் 90,000 பேர் வரை இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் தோட்டத்துத் தமிழர்கள்.

ஏன் நம்மவர்கள்? வெள்ளைக்காரத் துரைமார் ஓடிவிட்டார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். கப்பல் போக்குவரத்து நின்றுபோனதால் ரப்பர் பாலுக்கு விலை இல்லை. மரம் இருந்தது, வேலை இல்லை. அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான். கையில் கத்தியும் வாளியுமாக வெட்டியாக நிற்கும் ஒரு பெருங்கூட்டம் ஜப்பானியரின் கண்ணில் பட்டது. ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி கூலி, நல்ல சாப்பாடு, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். ஆசை வேலை செய்யாத இடத்தில் லாரி வந்து நின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்பு தாத்தா பாட்டி கதைகளைப் பற்றி வானொலியில் ஒரு நிகழ்ச்சி செய்தோம். ஒரு நேயர், ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா, அழைத்தார். “எங்க தாத்தாவ ஜப்பான்காரன் சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போயிட்டான். பாட்டி சாகுற வரைக்கும் பொட்டு வச்சிருந்தாங்க. அவ்வளவுதாங்க தெரியும்” என்றார். தாத்தா எந்த முகாமில் இருந்தார்? எப்போது இறந்தார்? உண்மையில் இறந்தாரா? அவரிடம் பதில் இல்லை. எனக்குத் தெரிந்து அந்த அழைப்புக்குப் பிறகு அன்று வேறு பாட்டு எதுவும் எடுபடவில்லை.

அந்த நேயரின் தாத்தா எப்படிக் கதையிலிருந்து விடுபட்டார் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

நம்மை அறியாதவர் எழுதியது இல்லை

‘க்வாய் நதிப் பாலம்’ நாவலை 1952இல் வெளியிட்டவர் பியேர் பூல். பிரான்சில் அவின்யோனில் பிறந்தவர், படித்தது பொறியியல். பின்னாளில் ‘குரங்குகளின் கிரகம்’ என்று உலகமே பார்த்த படங்களுக்கு மூலமான நாவலை எழுதியவரும் இவர்தான்.

நமக்கு முக்கியமான செய்தி வேறு. 1930களின் பிற்பகுதியில் பூல் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தார். அதாவது நம் தாத்தாக்கள் பால் வெட்டிய காலத்தில், அவர்களுக்கு மேலே நின்ற வெள்ளைக்காரர்களில் ஒருவர் அவர். போர் முடிந்ததும் மறுபடி மலாயாவுக்கு வந்து, பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பாரிசுக்குப் போய் எழுத உட்கார்ந்தார். ‘க்வாய்’க்கு ஒரு வருடம் முன்பு, 1951இல், மலாயாத் தோட்ட நிறுவன வாழ்க்கையைக் கிண்டலாகச் சொல்லும் இன்னொரு நாவலையும் வெளியிட்டார்.

எனவே அவருக்குத் தமிழர்களைத் தெரியாது என்று சொல்ல முடியாது. காலையில் பிரட்டுக்கு நிற்கும் கூட்டத்தைத் தினமும் பார்த்தவர். ஆனாலும் சயாம் ரயிலைப் பற்றி அவர் எழுதிய கதையில் பெயர் சொல்லி நினைவில் வைக்க ஒரு தமிழ்ப் பாத்திரம்கூட இல்லை.

கதை நமக்குத் தெரிந்ததுதான். பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்சன் கைதியாகிறார். முகாம் அதிகாரி சைட்டோ, அதிகாரிகளும் மண் சுமக்க வேண்டும் என்கிறார். நிக்கல்சன் மறுக்கிறார், வெல்கிறார். அதன் பிறகு ஜப்பானியரால் முடியாத பாலத்தைப் பிரிட்டிஷ் திறமையால் கட்டிக்காட்டுகிறேன் என்று எதிரிக்கே பிரமாதமான பாலம் கட்டித் தருகிறார். எதிரிக்கு ஒத்துழைக்கும் ஒருவர் தன் கௌரவத்தையே காரணமாகச் சொல்லும் விசித்திரத்தைப் பூல் நன்றாகப் பிடித்திருக்கிறார். நல்ல நாவல்தான் அது. 1957இல் டேவிட் லீன் அதைப் படமாக்கி 7 ஆஸ்கார் விருதுகளை அள்ளினார். படம் எடுத்தது இலங்கையின் கிதுல்கலையில், களனி ஆற்றங்கரையில்.

இப்போது கதையின் அமைப்பைக் கவனியுங்கள். மேற்குக்கு ஒரு பிரதிநிதி, கர்னல். கிழக்குக்கு ஒரு பிரதிநிதி, ஜப்பானிய அதிகாரி. இருவரும் நேருக்கு நேர் மோதுகிறார்கள். கிழக்கும் மேற்கும் சந்திக்கும் கதை என்று உலகம் இதைத்தான் கொண்டாடியது. ஆனால் இருவருமே ஏகாதிபத்தியத்தின் ஆட்கள். ஒன்று பழைய ஏகாதிபத்தியம், இன்னொன்று புதியது. தோட்டத்துத் தமிழன் இந்த இரண்டில் எந்தப் பக்கம்? பிரிட்டிஷ்காரனுக்கும் அவன் கூலி, ஜப்பான்காரனுக்கும் அவன் கூலி. இரண்டு பேர் மட்டும் ஆடும் சதுரங்கத்தில் மூன்றாவது ஆளுக்கு நாற்காலி கிடையாது.

பூலுக்கு நம் மேல் பகை இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. அவர் தேர்ந்தெடுத்த கதையின் அமைப்பே தாத்தாவை வெளியே நிறுத்திவிட்டது.

இரண்டு தடங்களையும் கேட்பது

ஒரு கதையில் யார் இருக்கிறார்கள் என்பதோடு யார் இல்லை என்றும் கேட்பதைப் பின்காலனிய வாசிப்பு என்கிறார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பல்கலைக்கழகத்தில் இதைப் படித்தபோது எனக்கும் தலை சுற்றியது. ஆனால் விஷயம் எளிமையானது.

பாலஸ்தீனத்தில் பிறந்த அறிஞர் எட்வர்ட் சயீத் நன்றாகப் பியானோ வாசிப்பவர். 1993இல் வந்த ‘கலாசாரமும் ஏகாதிபத்தியமும்’ என்ற நூலில் இசையிலிருந்தே ஓர் உதாரணத்தை எடுத்தார். மேற்கத்திய இசையில் ஒரே நேரத்தில் இரண்டு மெட்டுகள் தனித்தனியாக ஓடும். ஒன்றை மட்டும் கேட்டால் பாட்டு பாதிதான். நாவலையும் அப்படிப் படிக்க வேண்டும் என்றார். ஜேன் ஆஸ்டினின் ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’கில் ஓர் ஆங்கிலேயக் குடும்பம் மாளிகையில் வசதியாக வாழ்கிறது. அந்த வசதிக்குப் பின்னால் ஆன்டிகுவா தீவில் அவர்களுக்கு இருக்கும் தோட்டம் கதையில் ஓரிரு இடங்களில் மட்டும் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். அந்தத் தோட்டத்தில் உழைத்த அடிமைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு மாளிகைக் கதையைப் படியுங்கள் என்பது சயீதின் யோசனை.

எங்கள் ஒலிபரப்புக் கூடத்தில் இது தினசரி வேலை. கலவை மேசையில் ஒரு தடத்தை இறக்கினால் அந்தக் குரல் அழிந்துவிடாது, கேட்காது, அவ்வளவுதான். விரலால் கொஞ்சம் மேலே தள்ளினால் திரும்ப வந்துவிடும். சயாம் ரயில் விஷயத்தில் அந்த இன்னொரு தடம் தமிழில் பதிவாகியே இருக்கிறது. நாம்தான் அதைத் தள்ளிப் பார்க்கவில்லை.

லயத்திலிருந்து எழுந்த கதைகள்

ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993இல் வந்தது. சயாமுக்குப் போய்விட்ட அப்பாவைத் தேடி மாயா என்ற இளைஞன் புறப்படுகிறான். அம்மா பின்னால் தனியாக நிற்கிறாள். இங்கே கர்னலின் கௌரவப் பிரச்சினை எதுவும் இல்லை. ஒரு மகன், ஓர் அப்பா, ஓர் அம்மா. நம் குடும்பக் கதையின் கட்டு இது.

அங்கே மாயாவுக்கு ஒரு சயாம் பெண்ணோடு நேசம் ஏற்படுகிறது. மேற்கத்திய நாவல்களில் சயாம்காரர்கள் பெரும்பாலும் வழிகாட்டிகள், சுமை தூக்குபவர்கள். மாயாவுக்கு அந்தப் பெண், பாஷை தெரியாத ஊரில் தன்னை மனுஷனாகப் பார்க்கும் ஒரு முகம். கிழக்கு மேற்கைச் சந்திப்பதையே பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தக் காட்டில் கிழக்கும் கிழக்கும் சந்தித்தன. தமிழரும் சயாமியரும் பர்மியரும் மலாய்க்காரரும் சீனரும் ஜாவாக்காரரும் ஒரே மழையில் நனைந்தார்கள். அந்தச் சந்திப்பு உலக இலக்கியத்தில் அதிகம் பேசப்படாதது. நம் மொழியில் ஒருவர் அதைத் தொட்டிருக்கிறார்.

அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ 2005இல் வந்தது. 1930இல் பிறந்த அவர், ஜப்பானியர் வந்தபோது பள்ளி வயதுச் சிறுவர். பின்னர் ஆசிரியரானார். ஜப்பானியர் காலத்தை அவர் ஒரு நாவலோடு விடவில்லை. ‘லங்காட் நதிக்கரை’, ‘இமையத் தியாகம்’ என்று திரும்பத் திரும்ப அந்த ஆண்டுகளுக்கே போனார். இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த நம்மவர்களின் கதையும் அதில் அடக்கம். ஒரே தலைமுறைக்கு இரண்டு சடக்குகள் திறந்தன. ஒன்று சயாம் காட்டுக்கு, இன்னொன்று நேதாஜியின் படைக்கு. அதே தோட்டத்திலிருந்து, சில சமயம் அதே லயத்திலிருந்து.

இந்தக் கதைகளோடு வரலாற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது கிடைக்கும் வெளிச்சம் ஒன்று உண்டு. தோட்டத்திலிருந்து இத்தனை ஆள் வேண்டும் என்று ஜப்பானியர் கேட்டபோது பெயர்களைக் கொடுக்க வேண்டியவர்கள் தோட்டத்துக் கிராணிகளும் மண்டோர்களும். துரை மாறினார். கொடி மாறியது. பெயர்ப் பட்டியல் எழுதும் கை மாறவில்லை. யாருடைய பெயர் முதலில் எழுதப்பட்டது, யாருடைய பெயர் விடப்பட்டது என்பதில் நம்முடைய சாதியும் பகையும் தயவும் கலந்திருக்கத்தானே செய்யும்? வெள்ளைக்காரன் கெட்டவன், ஜப்பான்காரன் கெட்டவன் என்று முடித்துக்கொள்வது சுலபம். நடுவில் நின்ற நம்மவரையும் பார்ப்பதுதான் கஷ்டம்.

ஊர் எது?

புலம்பெயர்ந்தவனின் அடையாளம் பற்றி மேடைகளில் நிறையப் பேசுகிறோம். எனக்கு அது ‘ஊர்’ என்ற ஒரு சொல்லில் இருப்பதாகத் தோன்றுகிறது.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ இதே போர்க்காலத்தைச் சொல்லும் நாவல். 1972இல் புத்தகமானது. சிங்காரம் மேடானில் வேலை பார்த்து, போர் முடிந்த பிறகு தமிழ்நாடு திரும்பியவர். அவருடைய நாயகன் பாண்டியன் மேடானிலும் பினாங்கிலும் சுற்றுகிறான். சண்டை போடுகிறான். ஆனால் அவன் மனம் மதுரைத் தெருக்களிலும் பிறந்த ஊரின் கடைவீதியிலும் கிடக்கிறது. வணிகம் செய்ய வந்தவனுக்கு ஊர் கடலுக்கு அப்பால் இருந்தது. சம்பாதித்துவிட்டுத் திரும்பலாம் என்ற கனவு அவனோடு கப்பலில் வந்தது.

தோட்டத்து ஆளின் கதை வேறு. 1942 வரை அவரிடம் “ஊர் எது?” என்று கேட்டிருந்தால் அவர் சேலம், திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தின் பெயரைத்தான் சொல்லியிருப்பார். சயாம் காட்டில் காய்ச்சலில் கிடந்தபோது அவர் எங்கே திரும்பத் துடித்தார்? மனைவி நிற்கும் லயத்துக்கு. பிள்ளை படிக்கும் தோட்டப் பள்ளிக்கு. மாரியம்மன் கோயில் வாசலுக்கு. சயாம் நாவல்களைப் படிக்கும்போது இதை உணரலாம். அவர்கள் தப்பி ஓடும் திசை தெற்கு, மலாயாவை நோக்கி. எந்த அரசாங்கமும் குடியுரிமைத் தாள் கொடுப்பதற்கு முன்பே, இந்த மண் அவர்களுக்கு ஊர் ஆகிவிட்டது. இவ்வளவு பெரிய விலை கொடுத்து ஊர் ஆக்கிக்கொண்ட இடம் இது.

“நீங்கள் இந்தியாவா?” என்று வெளிநாட்டில் யாராவது கேட்கும்போது நம்மில் பலர் ஒரு நொடி தடுமாறுகிறோம். நல்ல பதில் நம் நாவல்களில் இருக்கிறது. நாம் படிக்கவில்லை.

எண் 335

சயாம் ரயிலை உலகம் மறக்கவில்லை. ஆஸ்திரேலிய எழுத்தாளர் ரிச்சர்ட் ஃபிளனகன் அதே ரயிலை வைத்து எழுதிய நாவலுக்கு 2014இல் புக்கர் பரிசு கிடைத்தது. அவருடைய அப்பா அங்கே கைதியாக இருந்து பிழைத்தவர். அப்பாவின் கைதி எண் 335 என்பதுகூட மகனுக்குத் தெரியும். புத்தகத்தை அந்த எண்ணுக்கே காணிக்கையாக்கினார்.

போர்க்கைதிக்கு ஓர் இராணுவம் இருந்தது. அது பெயர்ப் பதிவு வைத்திருந்தது. சிலர் இரகசியமாக நாட்குறிப்பு எழுதினார்கள். காஞ்சனாபுரியின் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேர் வரிசையாகத் துயில்கிறார்கள், பச்சைப் புல்லுக்கு நடுவில். நம்மவர்களுக்கு இராணுவம் இல்லை, நாடு இல்லை, பலருக்கு எழுதப் படிக்கவும் தெரியாது. உடல்கள் கூட்டமாகப் புதைக்கப்பட்டன. அவர்களுக்காகவும் அங்கே ஒரு நடுகல் எழும்பியது மிக அண்மையில்தான்.

பதிவேடு இல்லாத இடத்தில் பதிவேடாக நிற்பது கதை. அதனால்தான் சண்முகமும் ரெங்கசாமியும் எழுதியதை வெறும் நாவல் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. அவற்றின் நடை உங்களுக்குப் பழையதாகத் தோன்றலாம். சில இடங்களில் கதை நின்று வரலாறு பேசும். பொறுத்துக்கொள்ளலாம். முதல் முறை பேச வாய்த்தவர்கள் கொஞ்சம் அதிகம் பேசத்தான் செய்வார்கள்.

வீட்டில் செய்யக்கூடியது

பூலைப் படிக்காதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. படியுங்கள், படத்தையும் பாருங்கள். சீட்டியடித்துக்கொண்டு கைதிகள் நடந்து வரும் காட்சி இன்றைக்கும் சிலிர்க்க வைக்கும். பக்கத்தில் ‘சயாம் மரண ரயில்’ அல்லது ‘நினைவுச் சின்னம்’ இருக்கட்டும். நூலகத்தில் தேடுங்கள், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடமும் எழுத்தாளர் சங்கத்திலும் விசாரியுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகள் இருந்தால் இரவுக்கு இரண்டு பக்கம் வாய்விட்டு வாசியுங்கள். வானொலிக்காரியின் அனுபவத்தில் சொல்கிறேன், கண்ணால் படிக்க மறுக்கும் பிள்ளைகூடக் காதால் கேட்கும். ஆங்கிலத்தில் மட்டுமே படிப்பவர்கள் அமிதவ் கோஷின் ‘கண்ணாடி மாளிகை’யிலிருந்து தொடங்கலாம். கெடாவின் ரப்பர் தோட்டமும் அங்குள்ள தமிழர்களும் அதில் ஓரம்கட்டப்படவில்லை.

இன்னொன்று அவசரமானது. சயாமுக்குப் போய் வந்தவர்கள் அநேகமாக இன்று நம்மிடையே இல்லை. அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள், எழுபது, எண்பது வயதில். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால் கைபேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு உட்காருங்கள். எந்தத் தோட்டம்? எத்தனை பேரைக் கொண்டுபோனார்கள்? பட்டியல் எழுதியது யார்? திரும்பி வந்தது யார், வந்த பிறகு எதைப் பற்றிப் பேசவே மாட்டார்? பெயரை முழுசாகக் கேளுங்கள், அப்பா பெயரோடு. நடுவில் அவர்கள் அழுதாலும் பதிவை நிறுத்த வேண்டாம். மௌனமும் பதிவாகட்டும்.